வெள்ளிக்கிழமை மௌனமும் ஓர் அணுப்போரும்

குன்னூர் ரோஸ்மேரி டீச்சர் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மணிக்கயிற்றை ஓர் இழுப்பு இழுத்து ஆறு கோடிப் பேரைக் கொன்றார். ஆறு கோடி என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். செத்தவர்களில் ஒருவர்கூடப் பிறந்தவரில்லை என்பதையும், அவர்கள் குடியிருந்த நாடுகள் ஒரு பேராசிரியரின் மடிக்கணினிக்குள் மட்டுமே இருந்தன என்பதையும் சொல்லிவிட்டால் கணக்கு இன்னும் நன்றாகவே இறங்கும். ஆனால் மணி நிஜம், கயிறு நிஜம். அன்றைக்கு டீச்சர் பட்ட பாடு நிஜத்திலும் நிஜம்.

டீச்சர் என்று ஊர் முழுக்கக் கூப்பிட்டாலும் ரோஸ்மேரி எந்தப் பள்ளிக்கூடத்திலும் நிலைத்தவர் இல்லை. ஊட்டியில் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கி வந்த வருஷம், பிரசவ விடுப்பில் போன ஒரு டீச்சருக்குப் பதிலாக ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தார். குழந்தை பிறந்தது, அந்த டீச்சர் திரும்பி வந்தார், ரோஸ்மேரி வீட்டுக்குப் போனார். பெயர் மட்டும் போகவில்லை. மலையில் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் பாசி மாதிரி; மழை பெய்யப் பெய்ய அடர்த்தியாகும். அப்பா தேயிலை ஃபேக்டரியில் ஸ்டோர்கீப்பர். கல்யாணம் இரண்டு தடவை கைகூடி வந்தது. ஒரு தடவை மாப்பிள்ளைக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, இன்னொரு தடவை ரோஸ்மேரிக்கு மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு வந்து சேர்ந்த இடம்தான் பெத்தானியா இல்லம். அங்கே அவர் காப்பாளர். பின்பக்கத்து இரண்டு அறைக் குடியிருப்பு அவருக்கு.

பெத்தானியா இல்லத்தை ஏற்படுத்தியவர் ஒரு வெள்ளைக்கார அம்மாள். தியானம் செய்ய வருகிறவர்கள் தங்குவதற்கென்று தேயிலைச் சரிவில் தகரக்கூரை போட்டுக் கட்டினார். கட்டியவர் ஒரு விதியையும் வைத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்து மணி அடித்தால், மாலை டீ மணி அடிக்கும்வரை அந்த வளாகத்துக்குள் ஒருவரும் பேசக்கூடாது, எழுதிக் காட்டவும் கூடாது. சாப்பாட்டு மேஜையில் மட்டும் கைஜாடைக்கு அனுமதி உண்டு. அதிலும் தனக்கு வேண்டியதைத் தானே கேட்கக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் தட்டைப் பார்த்து அவருக்கு வேண்டியதை இவர் நகர்த்த வேண்டும், இவர் தட்டை அவர் பார்த்துக்கொள்வார். சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் இதெல்லாம் ஒரு மரப்பலகையில் எழுதித் தொங்கியது. அந்த அம்மாளுக்கு ஆயுசு முழுக்க ஒற்றைத் தலைவலி, அதனால்தான் இப்படியொரு விதி வைத்தார் என்பது சமையற்காரி செல்லக்கண்ணுவின் ஆராய்ச்சி முடிவு. டீச்சர் அதை ஏற்பதில்லை.

டீச்சர் பொறுப்புக்கு வந்து வருஷம் இருபத்தாறு. ஒரு வெள்ளிக்கிழமைகூட அந்த மணி முந்தியதில்லை, பிந்தியதில்லை. தம்பிக்குப் பையன் பிறந்த செய்தி ஒரு வெள்ளிக்கிழமை போனில் வந்தது. டீச்சர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு புன்னகை செய்தபடி நின்றாராம். சந்தோஷம் தாங்காமல் அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோய்த் தம்பி திருப்பூரிலிருந்து குன்னூருக்கு ஆம்புலன்ஸ் சொல்லிவிட்டார். வந்த ஆம்புலன்ஸ்காரர்களுக்கும் சைகையிலேயே சாப்பாடு போட்டு அனுப்பினார் டீச்சர். இப்படித்தான் ஊரில் சொல்வார்கள். ஆம்புலன்ஸ் வந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை, சாப்பாடு போட்டிருப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகமும் இல்லை.

இந்தப் பெருமைக்கெல்லாம் முடிவு கட்டத்தான் இல்லத்தை நடத்தும் சபைக் கமிட்டியின் செயலர் ஞானசீலன் போன ஐப்பசியில் படியேறி வந்தார்.

"ரோஸ்மேரி, இந்தக் காலத்துல மௌனத்துக்கு யாரம்மா வர்றாங்க? ஜனங்க மலைக்கு வர்றதே சத்தம் போடறதுக்குத்தான்."

"வருவாங்க, செயலரய்யா."

"போன மாசம் மூணு பேரு வந்தாங்க. அதுல ஒருத்தர் வழி தவறி வந்தவரு."

"அவருந்தான் ஒரு நாள் சேத்தித் தங்கிட்டுப் போனாருங்க."

ஞானசீலன் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். கோயமுத்தூர் ரிசார்ட்காரர்கள் இல்லத்தைக் குத்தகைக்குக் கேட்கிறார்களாம். கமிட்டியில் பாதிப் பேருக்குச் சம்மதமாம். வருஷம் தவறாமல் வந்து தங்குகிறேன் என்று மூன்று வருஷத்துக்கு வாக்குக் கொடுக்க ஒரு கூட்டம் கிடைத்தால் பேச்சை ஒத்திப்போடலாம், இல்லாவிட்டால் அவர் கையில் ஒன்றுமில்லை.

"உங்களையும் விட்டுற மாட்டாங்க. வேலை குடுக்கறாங்களாம். வர்ற விருந்தாளிக்கு வாசல்ல நின்னு சந்தனமாலை போடோணும். அந்த மணியைக்கூட வெச்சுக்கறாங்களாம். நீச்சல்குளத்துக்குப் பக்கத்துல தொங்கவிட்டு, அடிச்சா ஜூஸ் வர்ற மாதிரி."

டீச்சர் கேட்டுக்கொண்டே கணக்குப் போட்டார். மாலை போடும் வேலையை ஏற்காவிட்டால் திருப்பூர்தான். தம்பி நல்லவர், தம்பி மனைவியும் நல்லவள். ஆனால் அந்த வீட்டில் தொலைக்காட்சி விடியும்போது தொடங்கினால் படுக்கும்போதுதான் வாயை மூடும்.

அந்த நேரம் பார்த்து டெல்லியிலிருந்து பேராசிரியர் சுரேந்திரன் போன் செய்ததை டீச்சர் தெய்வச் செயல் என்றே எடுத்துக்கொண்டார். சுரேந்திரன் பொள்ளாச்சிக்காரர். டெல்லிக்குப் போய் முடி நரைத்தவர். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பொறுக்கியெடுத்த இருபது இளசுகளுக்கு ஒரு வாரப் பயிற்சி நடத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"அணுக் கொள்கைக்கு அடுத்த தலைமுறையைத் தயார் பண்றோம், மேடம். இந்த விஷயம் தெரிஞ்ச பெரியவங்கெல்லாம் ஒவ்வொருத்தரா ரிட்டயர் ஆகிட்டிருக்காங்க."

"அடடா."

"குண்டு ரிட்டயர் ஆகறதில்லை பாருங்க. அதைப் பாத்துக்க ஆள் வேணுமில்ல?"

டீச்சருக்கு அது நியாயமாகவே பட்டது. இடவசதி, சாப்பாடு, வெந்நீர், கமிட்டி கேட்கும் மூன்று வருஷ வாக்கு எல்லாம் சொல்லிவிட்டுக் கடமை தவறாமல் இதையும் சொன்னார்: "வெள்ளிக்கிழமை எங்க ஊட்டுல மௌனமுங்க. காலைச் சாப்பாட்டுலிருந்து டீ வரைக்கும்."

"பிரமாதம் மேடம். அமைதியான இடந்தான் எங்களுக்கும் வேணும்."

அவர் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. அதிகம் படித்தவர்களிடம் ஒரு குறை உண்டு. விடுதிக்காரர்கள் சொல்வதில் எது விளம்பரம், எது விதி என்று அவர்களுக்குப் பிரிக்கத் தெரியாது.

செல்லக்கண்ணு காரமடைப் பக்கத்துக்காரி. எதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வாள்.

"ஏனுங்க டீச்சரம்மா, அந்தக் குண்டை எந்த ரூம்புல வெக்கறதுங்க? அடுப்புக்குப் பக்கத்துல வேண்டாமுங்க."

"குண்டு கொண்டாரமாட்டாங்க, செல்லக்கண்ணு. அதைப் பத்திப் பேசுவாங்க."

"பேசறதுக்கா இத்தன பேரு மலையேறி வாராங்க? எங்கூர்ல டீக்கடையிலயே பேசிக்குவாங்களே."

கார்த்திகை மழையோடு ஒரு திங்கட்கிழமை வண்டி வந்து நின்றது. மேட்டுப்பாளையத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறியதில் அடுத்த தலைமுறையில் பாதி வாந்தியெடுத்திருந்தது. சுக்குக் காப்பி உள்ளே போனதும் எல்லாரும் மனுஷராகி, போன்களை ஒரு கூடையில் போட்டுவிட்டு ஆட்டத்துக்குத் தயாரானார்கள். ஆட்டம் என்றால் பரமபதம் மாதிரி இல்லை. பேராசிரியர் இருபது பேரையும் இரண்டு நாடுகளாகப் பிரித்தார். மேகநாட்டுக்குத் தலைவி கோயமுத்தூர் மனிஷா. சட்டம் படித்தவள். மற்றப் பெண்கள் சேலைக் கரையைப் பற்றிப் பேசுகிற சரளத்தில் ஏவுகணைகளைப் பற்றிப் பேசுவாள். கடல்நாட்டுக்குத் தலைவன் ஈரோட்டு அஸ்வந்த், பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கியே வீட்டு அலமாரியை நிரப்பியவன். இரண்டு நாட்டுக்கும் நடுவில் ஒரு தீவு. இரண்டு நாட்டிடமும் குண்டு. வெள்ளிக்கிழமை மாலை டீ வரை பேச வேண்டியது, பேசிப் போரைத் தவிர்க்க வேண்டியது. போரென்று முடிவானால் நாட்டுத் தலைவர் சபையில் எழுந்து நின்று வாயால் அறிவிக்க வேண்டும். ஜாடை, சீட்டு எதுவும் செல்லாது. நடுநடுவே பேராசிரியர் எதிர்பாராத சம்பவங்களை நுழைப்பார், அதையும் சமாளிக்க வேண்டும்.

தவிர்ப்பதுதான் பயிற்சி. ஆனால் சுரேந்திரன் இதுவரை நடத்திய அத்தனை முகாமிலும் வெள்ளிக்கிழமைக்குள் போர் வந்துவிட்டது. அது அவ்வளவு தவறாமல் வந்ததால், சனிக்கிழமைப் பாடம் முழுவதையும் அழிவுக்குப் பிந்தைய நிலைமைக்கென்றே ஒதுக்கிவிட்டார்.

டீச்சர் பரிமாறிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பார்.

"உங்க நாட்டுல பாதிப் பேர் மிஞ்சினாலும் எங்களுக்குச் சம்மதந்தான்," என்பாள் மனிஷா. "அந்தச் சட்னியை இப்படித் தள்ளு."

"பாதியெல்லாம் முடியாது. கால்வாசி மிஞ்சும்," என்பான் அஸ்வந்த். "சட்னி தீந்துபோச்சு. ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் கிடைக்குங்களா?"

நல்ல பிள்ளைகள். தட்டை எடுத்துப்போய்த் தாங்களே கழுவி வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அடித்த காற்றில் கீழ்ச்சரிவில் ஒரு சவுக்கு மரம் மின்கம்பியின் மேல் சாய்ந்து கூடம் இருண்டது. "சார், இது நீங்க வெச்ச சம்பவமா?" என்று இருட்டிலிருந்து மனிஷாவின் குரல் கேட்டது. சுரேந்திரனும் அப்போதுதான் திடுக்கிட்டு எழுந்து மேஜையில் முழங்காலை இடித்துக்கொண்டிருந்தார். ஆனாலும் குரலைக் கனப்படுத்திக்கொண்டு, "எதிரி உங்க மின்சாரத்தைத் தாக்கிட்டான். எத்தனை நேரம்னு சொல்லமாட்டேன். சமாளிங்க," என்றார். கூடம் வாய்பிளந்தது. புதன்கிழமை ஒரு காட்டெருமை புல்வெளியில் வந்து நின்று இரண்டு நாட்டாரின் விடுதிகளுக்கும் நடுவே போக்குவரத்தை மறித்தது. அதையும் பேராசிரியர் எல்லை ஊடுருவல் என்று தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். வியாழக்கிழமை பால் வண்டி வரவில்லை. கருப்புத் தேநீரைக் கையில் வாங்கியபோது பிள்ளைகள் பேராசிரியரைக் கேட்கக்கூட இல்லை. "பொருளாதாரத் தடை," என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு குடித்தார்கள். குன்னூரில் அந்த வாரம் சுரேந்திரன் நினைக்காமல் ஓர் இலைகூட அசையாது என்ற நிலைமை வந்துவிட்டது. அவரும் அதை மறுக்கவில்லை. கிடைக்கிற புகழை வேண்டாம் என்று சொல்ல மனுஷனுக்கு நல்ல நெஞ்சுரம் வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை. பொங்கல் முடியும் தருவாயில் மனிஷா எழுந்து நின்றாள். முந்தின நாளே இரண்டு பக்கமும் படைகளைத் தீவுக்கு நகர்த்தியிருந்தார்கள். "இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள நீங்க அந்தத் தீவைக் காலி பண்ணலைன்னா, மேகநாடு..." என்று அவள் தொடங்கியபோது வாசற்பக்கம் மணி அடித்தது.

டீச்சர் உள்ளே வந்தார். உதட்டில் விரலை வைத்தார், சுவரிலிருந்த பலகையைக் காட்டினார். வழக்கம்போலத்தான் செய்தார், அவர் வரையில் அது இன்னொரு வெள்ளிக்கிழமை.

பிள்ளைகள் பலகையைப் படித்தார்கள். பேச்சு இல்லை, எழுத்து இல்லை, ஜாடையும் சோற்றுக்கு மட்டும். முகங்கள் ஒவ்வொன்றாக மலர்ந்தன. தகவல் தொடர்பு முழுக்கத் துண்டிப்பு! மின்சாரத்தை வெட்டியவர், காட்டெருமையை அனுப்பியவர், கடைசி நாளில் நாக்கையே வெட்டிவிட்டார்! அஸ்வந்த் பேராசிரியரைப் பார்த்துச் சத்தமில்லாமல் கைதட்டினான். சுரேந்திரன், "இது வந்து... இல்லை..." என்று வாயைத் திறந்தார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் உதட்டில் விரல் வைத்து அவரையே கண்டித்தார்கள். தன் விதியைத் தானே மீறுவதுபோல் காட்டி நம்மைச் சோதிக்கிறார் என நினைத்து மனிஷா மட்டும் கண்ணடித்தாள். பேராசிரியர் உட்கார்ந்துவிட்டார். காட்டெருமையைத் தன்னுடையது என்று சொன்னவர் மணியை மட்டும் தன்னுடையதில்லை என்று எந்த வாயால் சொல்வது?

மேகநாட்டின் மிரட்டல் முக்கால் வாக்கியத்தோடு கூரைக்குக் கீழே தொங்கியது. போரை அறிவிக்க வாய் வேண்டும். வாய்க்குத் தடை. ஆகவே உலகம் முற்பகல் முழுவதும் பிழைத்திருந்தது. பிள்ளைகள் ஜன்னலோரம் உட்கார்ந்து பனி தேயிலைச் செடிகளை ஒவ்வொரு வரிசையாக விழுங்குவதைப் பார்த்தார்கள். இரண்டு பேர் தூங்கினார்கள். மத்தியானச் சாப்பாட்டில் கடல்நாடு மேகநாட்டின் தட்டைப் பார்த்து அப்பளத்தை நகர்த்தியது. மேகநாடு கடல்நாட்டின் தட்டில் மோர் குறைவதைப் பார்த்துச் செம்பை எடுத்தது. கதவோரம் நின்ற டீச்சருக்கு மனம் நிறைந்து வழிந்தது. நாளைக்கு முகாமைப் பார்க்க வருவதாகச் செயலர் சொல்லியிருந்தார். இந்தக் காட்சியை அவருக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்று மனதுக்குள்ளேயே ஒரு பிரசங்கம் தயார் செய்தார். பேராசிரியர் மூன்று வருஷம் என்ன, முப்பது வருஷத்துக்கே வாக்குக் கொடுத்துவிடுவார் என்று தோன்றியது.

பேராசிரியர் வந்தார். சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் மேஜையைச் சுற்றி அப்படியே உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் நழுவிச் சமையலறைக்குப் பின்புறம் வெந்நீர் அடுப்பு எரிகிற இடத்துக்கு டீச்சரைத் தேடி வந்தார். முகத்தில் வாக்குக் கொடுக்கிற களை இல்லை.

"மேடம், அந்த டீ மணியை இப்பவே அடிச்சிருங்க," என்றார் கிசுகிசுப்பாக.

டீச்சர் வானத்தைக் காட்டி, சூரியன் இருக்கவேண்டிய இடத்தையும் அது இறங்கவேண்டிய இடத்தையும் கையால் அளந்தார். பனியில் சூரியனே இல்லை என்றாலும் பொருள் விளங்கியது.

"அதுவரைக்கும் பொறுக்க முடியாதுங்க. டீயோட ஆட்டம் முடிஞ்சிரும். அதுக்குள்ள சண்டை வந்தாகணும்."

டீச்சரின் புருவம் எதற்கு என்று கேட்டது.

"எதுக்கா? நாளைக்குப் பூரா அழிவுக்கு அப்புறம் என்ன பண்றதுங்கற பாடம் மேடம். அழிவே இல்லைன்னா எதை வெச்சு நடத்தறது? சென்னையிலிருந்து ஒரு அம்மா கதிர்வீச்சைப் பத்திப் பேச வந்துட்டே இருக்காங்க. எங்களுக்கு நிதி குடுக்கறவங்களும் வர்றாங்க. அவங்ககிட்டப் போய், பசங்க வாயை மூடிட்டு உக்காந்திருந்தாங்க, சமாதானம் ஆயிருச்சுன்னு சொல்ல முடியுமா? அப்புறம் உனக்கு எதுக்கய்யா சம்பளம்னு கேப்பாங்க."

செல்லக்கண்ணு பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அவளுக்கும் மௌனம்தான். ஆனால் அவள் பார்வைக்கு எந்த வெள்ளிக்கிழமையும் தடை போட்டதில்லை.

டீச்சர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். முடியாது.

சுரேந்திரனுக்கு டெல்லி உதிர்ந்து பொள்ளாச்சி வெளியே வந்தது. "அக்கா, நான் போர் வேணும்னு நிக்கறவன் இல்லீங்க. அது வரக்கூடாதுங்கறதுதான் எம் பொழப்பே. ஆனா பாடத்துக்கு ஒண்ணு வேணுமுங்க. ஏற்காட்டுல ஒரு இடம் சொல்லி வெச்சிருக்கேன். இங்க நல்லபடியா முடிஞ்சா மூணு வருஷமும் உங்களுக்கே சொல்லிரலாம்னுதான் நெனச்சேன். நாளைக்கு உங்க செயலர் வர்றாராமே?"

டீச்சரின் தலை ஆடுவதை நிறுத்தியது.

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாங்க. மணியை மட்டும் அடிங்க. பேச விட்டாப் போதும், மத்ததை அவங்களே பாத்துக்குவாங்க."

சொல்லிவிட்டு அவர் கூடத்துக்குள் போய்விட்டார். டீச்சர் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். மணி கூடத்திலிருந்து தள்ளி, கேட்டை ஒட்டிய கல்தூணில் தொங்கியது. குளிருக்குக் கூடத்துக் கதவு சாத்தியிருந்தது. பனியில் வீடு பாதிதான் தெரிந்தது.

டீச்சர் கயிற்றைப் பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார். அடிக்காவிட்டால் ரிசார்ட் வரும். அதற்குப் பிறகு இந்த மணி ஜூஸுக்கு அடிக்கும், வெள்ளிக்கிழமை என்ற ஒன்றே இந்த வீட்டில் இருக்காது. அடித்தால் இன்றைக்கு ஒரு மௌனம் போகும், மூன்று வருஷத்து மௌனம் மிஞ்சும். எல்லாம் பிழைப்பதற்காக ஒன்றை அழிப்பது. இந்த மாதிரிக் கணக்குக்கு அணுக் கொள்கை வல்லுநர்களிடம் நல்ல பெயர் ஒன்று இருக்கும். டீச்சருக்குப் பெயர் தெரியாது, கணக்கு மட்டும் சரியாக வந்தது. அப்படிச் சரியாக வந்ததுதான் அவரைப் பயமுறுத்தியது. உள்ளே அந்தப் பெண் மோர்ச் செம்பை எடுத்து வைத்த கையை நினைத்துக்கொண்டார். கண்ணை மூடி, ஆண்டவரிடமும் அந்த வெள்ளைக்கார அம்மாளிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார். அது நீண்டுகொண்டே போயிற்று. மன்னிப்பை முன்கூட்டியே கேட்பதில் எங்கே நிறுத்துவது என்று தெரியாதல்லவா?

பிறகு இழுத்தார்.

திரும்பி நடந்தபோது வீட்டுக்குள்ளிருந்து ஆரவாரம் வந்தது. கதவைத் திறந்தார். மனிஷா நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்று அந்த முக்கால் வாக்கியத்தை முழுசாகச் சொல்லியாயிற்று என்று கத்திக்கொண்டிருந்தாள். அஸ்வந்த் மேஜையைக் குத்தி முடியாது என்றான். மேகநாட்டுத் தளபதி குண்டு கிளம்பிவிட்டது என்று கத்த, கடல்நாட்டார் அதற்கு முன்பே தங்களுடையது கிளம்பிவிட்டது என்று சத்தியம் செய்தார்கள். துறைமுகங்கள் போயின, தலைநகரங்கள் போயின. எந்தத் தீவுக்காகச் சண்டையோ அதில் ஆள் யாராவது மிச்சமா என்று ஒரு பெண் கேட்டாள், யாருக்கும் தெரியவில்லை. பேராசிரியர் சுரேந்திரன் கூடத்தின் நடுவில் நின்று ஒவ்வொரு நகரமாகக் குறித்துக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளை நடை பழகுவதைப் பார்க்கிற முகம் அவருக்கு.

டீ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளைகள் களைத்துப்போய், வேர்த்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுச் சிரித்தார்கள். மனிஷா டீச்சரிடம் ஓடிவந்தாள். "ஆன்ட்டி, சாரோட யோசனைலயே அந்த மௌனந்தான் டாப்பு. அடுத்த வருஷம் வர்றவங்களுக்கும் வைக்கச் சொல்லுங்க." சார் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த தலையை நிமிர்த்தி, மூன்று வருஷமும் பெத்தானியாதான் என்று எல்லார் முன்னாலும் அறிவித்தார்.

ஞானசீலனுக்குப் போனில் செய்தி போயிற்று. அவர் நம்பவில்லை. "என்ன சொல்லி ஒத்துக்க வெச்சீங்க, ரோஸ்மேரி?"

"நான் ஒரு வார்த்தை பேசலீங்க, செயலரய்யா," என்றார் டீச்சர். அதில் ஒரு சொட்டுப் பொய் இல்லை.

வீடு பிழைத்தது. டீச்சர் சமையலறைக்குப் போய் அம்மிக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார். செல்லக்கண்ணு டம்ளரில் டீயை நீட்டினாள். டீச்சர் வாங்கினார், குடிக்கவில்லை.

"செல்லக்கண்ணு, நான் பண்ணுனதைப் பாத்தியில்ல?"

"பாத்தனுங்க."

"யாருகிட்டயும் சொல்லாதே. இத்தன வருஷத்துல ஒரு நாளு முந்தி அடிச்சிருப்பனா? பொறந்த கொழந்தைய விசாரிக்கக்கூட வாயத் தொறக்காதவ நான். இன்னைக்கு இந்த ஊட்டுக்காக எங்கையால அடிச்சேன். அடிச்சதுமே பாரு, எப்படிச் சிவனேன்னு இருந்த புள்ளைங்க, ஒண்ணை ஒண்ணு கொன்னு போட்டாங்க. அம்புட்டும் என்னோட ஒரு இழுப்புல வந்தது."

அப்படிச் சொன்னபோது டீச்சரின் குரலில் துக்கம் இருந்தது. துக்கத்தோடு துளி கர்வமும் இருந்தது என்று சொன்னால் அபாண்டம் ஆகாது; ஒரே இழுப்பில் இரண்டு நாட்டை முடித்தவர்கள் குன்னூரில் வேறு யார் இருக்கிறார்கள்?

செல்லக்கண்ணு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"ஏனுங்க டீச்சரம்மா, நீங்க கயத்தப் புடிச்சுட்டுக் கண்ணை மூடிட்டு நின்னீங்களே, நொம்ப நேரம், அப்பவே உள்ளார எல்லாம் ஆரம்பிச்சாச்சுங்க. நான் சோத்துச் சட்டி எடுக்கப் போனவ, அங்கயே சன்னலோரம் நின்னு உங்களையும் அவங்களையும் பாத்தனுங்க. அந்த அஸ்வந்த் தம்பி குளுருக்கு ஒரு தும்மு தும்முச்சு. எதுத்தாப்ல இருந்த புள்ள, ஊட்டுல சொல்ற பழக்கத்துல, 'நூறாயுசு'ன்னு சொல்லிப்போட்டா. அவ்வளவுதானுங்க. 'பேசிட்டா, பேசிட்டா'ன்னு ஆளாளுக்கு எந்திரிச்சு, நீங்க மணியடிக்கறக்குள்ள ஒரு நாட்டுல பாதி போயாச்சு. அவங்க போட்ட சத்தத்துல உங்க மணி யாரு காதுலயும் விழுகலீங்க. எனக்கு மட்டுந்தான் விழுந்துச்சு. நேரமாயிருச்சாட்ட இருக்குதுன்னு டீக்குத் தண்ணி வெச்சுப்போட்டனுங்க."